நீலச் சீட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிறது என்று என் அக்கா சொல்வாள். இருக்கட்டும். விடுமுறையில் ஓர் அறை நிறையப் பிள்ளைகளை அடைத்துவைத்து, அவர்களைப் புத்தகத்தைத் திறக்க வைக்கிற வேலையை ஒரே ஒரு நாள் அவள் பார்க்கட்டும். கோபம் எங்கெல்லாம் குடியேறும் என்று அப்போது தெரியும்.

நான் நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் வாசிப்பு விளையாட்டு நடத்துவேன். இந்த வருடம் ரயில் பயணம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில்பெட்டி ஆக்கியிருந்தேன். ஒவ்வோர் அலமாரியும் ஒரு நிலையம். அங்கே ஏதோ ஒரு புத்தகத்துக்குள் மஞ்சள் சீட்டு இருக்கும். அதிலுள்ள துப்பைப் படித்தால் அடுத்த நிலையம் எது, எந்தப் புத்தகம் என்று தெரியும். கடைசி நிலையத்தில் பரிசு. படித்தால்தான் நகர முடியும், அதுதான் சூட்சுமம்.

சூட்சுமம் எல்லாம் யோசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகள் நம்மை விற்றுக் காசாக்கிவிடுவார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த இரட்டைச் சடைக்காரி ஒருத்தி முன்னால் ஓடினாள். மற்றதெல்லாம் ஓர் எழுத்துகூடப் படிக்காமல் அவள் பின்னால் ஓடியது. எல்லோருக்கும் கடைசியில் ஓடினாள் தும்பி.

தும்பி என் அக்கா மகள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், அதனால் அந்தப் பெயர். மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள், இன்னும் விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அக்கா வேலைக்குப் போகும் வழியில் அவளை என்னிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள். அன்று காலையிலும் வாசலில் நின்று சொன்னாள்: "போட்டி கீட்டின்னு இவளை இழுத்து விடாத. எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டு நிப்பா. படிப்பு இவளுக்கு ஏறாதுடி, விட்டுடு." அதைத் தும்பியின் காது கேட்கவே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்கு, அன்றைக்கென்று பார்த்துப் பூச்சிமருந்துக்காரர் வந்து நின்றார். பின்னால் உள்ள சரக்கறையில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பூச்சி அரிக்கிறது, உண்மைதான். அதற்காகப் பிள்ளைகள் வருகிற நாளிலா? மேலிடத்தில் உட்கார்ந்து தேதி குறிக்கிறவர்களுக்குப் பிள்ளையும் தெரியாது, லீவும் தெரியாது. அவர் அறைக்குள் புகைமருந்து வைத்துச் சாத்திவிட்டு, கூடத்துப் பக்கக் கதவில் எச்சரிக்கைத் தாளை ஒட்டினார்.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதுங்க. பெரியவங்களே தாங்க மாட்டாங்க" என்றார். "பின்னாடி முற்றத்துப் பக்கமும் ஒரு கதவு இருக்கே?"

"அது எப்பவும் பூட்டித்தான் இருக்கும்" என்றேன். எனக்கு இருந்த அவசரத்தில் போய்ப் பார்க்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, மருந்து டப்பாவை முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் கூடத்தில் சந்தைக்கடை இரைச்சல். ஒரே ஓட்டம். தும்பியைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் அகப்பட்டாள், அவ்வளவுதான். அக்கா மீதிருந்த கோபம், மருந்துக்காரர் மீதிருந்த கோபம், எல்லாம் சேர்ந்து அவள் தலையில் இறங்கியது.

"என்ன கண்டுபிடிச்ச இதுவரைக்கும்? அவ ஓடினா நீயும் ஓடுவியா? இனிமே யார் பின்னாடியும் போகக் கூடாது. தனியா படி, தனியா கண்டுபிடி. எழுத்து எங்க கண்ணுல பட்டாலும் நின்னு படிக்கணும். படிக்காம அடுத்த அடி எடுத்து வச்ச, பார்த்துக்க."

அவள் கண் கலங்கியது. கூட்டமில்லாத மூலை அலமாரிக்குப் போய்க் கீழ்த்தட்டின் முன் தரையில் உட்கார்ந்தாள். போகட்டும், ரோஷம் வந்தால் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

இரட்டைச் சடைக்காரிதான் ஜெயித்தாள். எல்லோரையும் ரயிலில் உட்காரவைத்துப் படம் எடுக்கலாம் என்று பார்த்தால், தும்பியைக் காணோம். கழிப்பறையில் இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"தும்பி எங்கடா?"

இரட்டைச் சடைக்காரி சாவகாசமாகச் சொன்னாள்: "அவளுக்கு நீலச் சீட்டு கிடைச்சுது மிஸ். எங்கிட்டகூடக் காட்டலை. தனியாத்தான் கண்டுபிடிக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டா."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. நான் நீலச் சீட்டு எழுதவே இல்லையே. எல்லாம் மஞ்சள் அல்லவா. பிறகு விளங்கியது.

நீலச் சீட்டு போன வருடத்தது. போன வருடம் கடல் பயணம். கடைசிச் சீட்டை மூலை அலமாரியில், கப்பல் கட்டும் விதத்தைச் சொல்லும் ஒரு தடிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். முன்னால் ஓடியவன் அதைப் படித்துவிட்டு அங்கேயே செருகிவிட்டு முற்றத்துக்கு ஓட, மற்றவர்களும் அவன் பின்னால் ஓடிவிட்டதால், அந்தச் சீட்டை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் மறந்தேன். ஒரு வருடமாக அந்தப் புத்தகத்தை ஒரு ஜீவன் திறந்து பார்க்கவில்லை. திறந்தவள் இவள்.

நான் ஓடினேன். ஓட ஓட, என் கையால் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முற்றத்துக்கு வா. பச்சைக் கதவைத் திற. இருட்டைக் கண்டு பயப்படாதே, நீ மாலுமி. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள், வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது. கடைசி மூலை வரை போய்ப் பொறுமையாகத் தேடு.

பொறுமையாக. அடிப்பாவி, பொறுமையாக என்று வேறு எழுதியிருந்தேன்.

சரக்கறையின் பச்சைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் திறந்திருந்தது. பூட்டு இல்லை. போன வருட விளையாட்டுக்காக அந்தப் பூட்டை எடுக்கச் சொன்னதே நான்தான். திரும்ப மாட்டச் சொல்லவே இல்லை. கதவோரம் மருந்துக்காரரின் தகர டப்பா இருந்தது. நான் கதவை இழுத்தேன். உள்ளே இருந்து வந்த நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே பாயப் போனேன்.

கூடவே ஓடி வந்த நூலக அட்டெண்டர் பின்னாலிருந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க போகாதீங்கம்மா, நீங்களும் விழுந்துடுவீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்துக்காரர் கையில் டீ கிளாஸோடு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. கிளாஸைப் போட்டுவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. அக்காவிடம் என்ன சொல்வேன் என்று மட்டும் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெற்ற மகளை என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு சின்னச் செருப்பு இருந்தது.

"உள்ள யாரும் இல்லைங்க. மூலை முடுக்கெல்லாம் பார்த்துட்டேன். இது வாசப்படிகிட்ட கிடந்துச்சு."

யாரும் இல்லை என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. செருப்பைத்தான் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் குழாய் திறந்திருந்தது.

அட்டெண்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க வாங்க" என்றார்.

குழாயடியில் தும்பி நின்றிருந்தாள். முழங்கால் வரை சோப்பு நுரை, முழங்கை வரை சோப்பு நுரை. ஒரு காலில் மட்டும் செருப்பு. நான் அள்ளப் போனேன். அவள் பின்வாங்கினாள்.

"கிட்ட வராத சித்தி. இன்னும் கழுவி முடிக்கல."

"உள்ள போனியாடி? மூச்சு இழுத்தியா? சொல்லுடி."

"ஒரு கால்தான் வச்சேன். கெட்ட நாத்தம். செருப்பு உள்ளயே விழுந்துடுச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சேன், பக்கத்துல இருந்த டப்பால எழுத்து இருந்துச்சு. எழுத்து இருந்தா நின்னு படிக்காம அடுத்த அடி வைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? அதான் செருப்பை விட்டுட்டுப் படிச்சேன். அடுத்த துப்பா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் விரலைக் காற்றில் நகர்த்தி ஒப்பித்தாள்.

"விஷம். சுவாசித்தால் உயிருக்கு ஆபத்து. மருந்து வைத்த அறையை மூடி வைக்கவும். அதனால மூடிட்டேன். உடலில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவும். அதான் கழுவுறேன். எல்லாம் எறும்பு மாதிரி எழுத்து சித்தி, படிச்சு முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு." கொஞ்சம் யோசித்தாள். "கடைசி வரி மட்டும் எப்படின்னு தெரியல. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்னு போட்டிருக்கு. எனக்கு எட்டாத எடத்துல நான் எப்படி வைக்கிறது?"

மருந்துக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "இத்தனை வருஷமா இந்த டப்பாவைத் தூக்கிட்டு அலையறேன்" என்றார். "அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவைகூடப் படிச்சதில்லைங்க."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் படுக்கவைத்திருந்து, ஒன்றுமில்லை, கூட்டிப்போகலாம் என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது பச்சைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அட்டெண்டர் சாவியை என்னிடம் தரவில்லை, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் அக்கா வந்தாள். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"என்ன, இன்னைக்காவது ஏதாவது படிச்சாளா? இல்ல வழக்கம்போல ஓட்டம்தானா?"

வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். காலையில் அவள் சொன்னதற்குப் பதிலடியாகப் பத்து வாசகம் தயார் செய்து வைத்திருந்தவள். "படிச்சாக்கா" என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அக்கா பயந்துவிட்டாள். "ஏன்டி அழற? என்னடி ஆச்சு? என்ன படிச்சா?"

தும்பி நாற்காலி ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "ஒரு டப்பாதான்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். நின்றுகொண்டு கேட்கிற விஷயம் இல்லை அது.