எர்த் குழி

ரேணுகாம்பாளின் விரல் நுனிகள் மறுபடியும் விறுவிறுத்தன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் அந்தப் பட்டறையில் மிஷினுக்கு முன்னால் வெறுங்காலோடு நிற்பவள் அவள் ஒருத்திதான். செருப்பு அறுந்து போய், வாங்கவேண்டும் வாங்கவேண்டும் என்று நாள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சித்திரை பிறந்ததிலிருந்து இப்படித்தான். வெயில் முற்ற முற்ற விறுவிறுப்பும் கூடியது. பெரியம்மாவுக்குக் குஷ்டம் விரலில்தான் தொடங்கியது; நெருப்பு பட்டாலும் அவளுக்குச் சூடு தெரியாது. கொல்லைக் கொட்டகையில் அவளுக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்த நாட்கள் ரேணுகாம்பாளுக்கு மறக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கும்போதும் விரல்கள் மரத்திருப்பதாகவே தோன்றியது. மகளுக்குத் தலை பின்னுவதை நிறுத்திவிட்டாள். “நீயே பின்னிக்கோ” என்றபோது சுருங்கிய அந்தச் சின்ன முகம் வேலையின் நடுவே கண்ணில் வந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போனால் தெரிந்துவிடும்.

அன்று மத்தியானம், கழுவிய தரையில் வழுக்கிவிடும் என்று பயந்து, பக்கத்து மிஷின் தெய்வநாயகி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். நூலை எடுக்க மிஷின்மேல் கை வைத்தவள் துள்ளி விலகினாள்.

“இன்னாடி இது, சுர்ருனு இழுக்குது?”

ரேணுகாம்பாள் அவளையே பார்த்தாள். “உனக்குமா?”

“எனக்குமாவா? தெரிஞ்சிகினேவா இத்தினி நாளா தொட்டுகினு நின்ன? நல்ல பொம்பள.”

எலக்ட்ரீஷியன் எல்லப்பன் வந்து மெயினை நிறுத்தினார். பட்டறையின் கொல்லைப்புறத்தில் எர்த் கம்பி புதைத்த குழியைக் கிளறினார். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“வெயில்ல மண்ணு சூடேறி ஈரமே இல்லாம போயிடுச்சும்மா. காஞ்ச மண்ணு கரண்ட்ட வாங்காது. மோட்டார்ல கசியறது பூமிக்குப் போவாம, தொடற ஆளு மேல ஏறுது. அந்தக் கசிவயும் அடைக்கணும். மொதல்ல குழிக்குத் தண்ணி ஊத்துங்க.”

“அப்போ, என் கையில ஒண்ணும் இல்லீங்களா?”

“கையில இன்னா? கை நல்லாத்தான் கீது. கால்லதான் செருப்பக் காணோம்.”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். ஊற்றிய தண்ணீரைக் குழி சத்தமில்லாமல் உறிஞ்சியது. மறுபடி ஊற்றினாள். எல்லப்பன் போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினாள்.

“இன்னாடி, நாத்து நடப் போறியா?” என்றாள் தெய்வநாயகி.

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. குழியோரம் குந்தி, தண்ணீர் படாத பக்கத்து மண்ணில் பத்து விரலையும் விரித்து அழுத்தினாள். மண் சுட்டது. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாகச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.