குலைகளுக்குத் தைத்த உறைகள்

வண்டுகள் தையல்காரரின் மைத்துனரை இடது தோளில் தின்ற வருடம், எல்லா வீடுகளிலும் திராட்சை நன்றாகக் காய்த்திருந்தது. தையல்காரர் வீட்டுக் கொல்லையில் ஒரே கொடிதான், கம்பிப் பந்தலில் படர்ந்து சமையலறை ஜன்னல்வரை நிழல் தரும். செம்பு நிற வண்டுகள் அதன் இலைகளை நரம்பு மட்டும் மிஞ்சும்படி அரித்தன. காலையில் அவை மந்தமாக இருக்கும்போது கொடியை உலுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் விழவைத்தார்கள். விழுந்ததைவிட வந்தது அதிகம். குலைகளுக்குக் காகிதப் பை மாட்டச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். பீரோ நிறையத் துணி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று, வீட்டார் உடுத்திக் கழித்ததையெல்லாம் வெட்டிக் குலைக்கொரு உறை தைத்து நாடாவால் கட்டினார் அவர். தையல் அத்தனை கச்சிதம். ஊர்க் கண் பட்டுவிட்டது என்று அவர் மனைவி பின்னாளில் சொன்னாள்.

மைத்துனரின் கட்டம்போட்ட சட்டையில் தைத்த உறைதான் முதலில் ஓட்டையானது. அன்றே அவர் தோளில் பொத்தான் அளவுக்குத் துளை விழுந்தது. ரத்தமில்லை. பின்னால் நின்று பார்த்தால் எதிர்ச் சுவரின் கடிகாரம் தெரிந்தது. "வலிக்கல மச்சான், காத்துதான் போயிட்டு வருது," என்றார். நண்பர்களிடம் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டார். உறை முழுதும் போனபோது தோளும் போயிற்று.

பக்கத்துக் குலைக்கு மகளின் பழைய நீல கவுன். அதன் நாடாவில் வண்டுகளைப் பார்த்த தையல்காரர் உறையை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்தார். வாசம் பிடித்து அவையும் கூடவே வந்து, பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகளின் உடுப்பில் வரிசையாக உட்கார்ந்தன. தட்டினால் போகவில்லை. தையல்காரர் வியர்வையும் மெஷின் எண்ணெயும் ஊறிய தன் சட்டையைக் கழற்றிப் பந்தலில் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கொடியை வெட்ட அவர் கத்தி எடுத்தபோது வண்டுகள் எல்லாம் மகள் நின்ற ஜன்னலை நோக்கித் திரும்பி உட்கார்ந்தன. கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும் எல்லா உறைகளையும் தன் சட்டைகளிலேயே தைத்தார். வயிற்றிலும் தொடையிலும் கன்னத்திலும் துளைகள் விழுந்தன. அளவு கொடுக்க வந்தவர்கள் அவர் நெஞ்சு வழியாகத் தெருவை வேடிக்கை பார்க்கப் பழகினார்கள். மகள் ஒரு கீறல் இல்லாமல் வளர்ந்து வேலைக்குப் போனாள். "போதும்பா, இந்த வருஷம் என்னோடத வெட்டுங்க," என்று அழுவாள். "உன் துணி அளவு பத்தாதும்மா," என்று சிரித்து மழுப்புவார்.

இந்த வருடம் வண்டுகள் சீக்கிரமே வந்தன. பீரோவில் அவர் சட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. தையல் மெஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தவரின் மடியில் மனைவி தன் பச்சைச் சால்வையைப் போட்டாள். "இனி உங்ககிட்ட தின்ன என்ன இருக்கு? இதுல வெட்டுங்க."

அவர் மறுக்கவில்லை. சால்வையை மடித்துக் கோடு போட்டு வெட்டினார். அவள் முதல் உறையைக் கட்டப் போனபோது, வண்டுகள் நகர்ந்து நாடாவுக்கு இடம் விட்டன.