ஜன்னல் பாடு

என் நைனா உலகநாதன் காட்டூரில் நெல் விவசாயி. நான் ஏரிக்கரைத் தோணிரேவு மீனவன் சுபாஷைக் காதலித்துக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வருவார், வாசலில் நின்று மருமகன் காயப்போட்ட வலையை முறைப்பார், போய்விடுவார். போன தடவை நான் அழுதே விட்டேன்.

"இந்த உப்பு மண்ல ஒரு தக்காளிச் செடிய வளத்துக் காட்டு. அன்னிக்கு உன் வூட்ல கை நனைக்கிறேன்" என்றார்.

உப்பு மண்ணில் எதுவும் வராது என்று எனக்குத் தெரியாதா? நானும் அவர் பெற்ற பெண்தானே. தரையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனேன். காட்டூரிலிருந்து ஒரு பை செம்மண் கொண்டுவந்து, மக்கின சாணத்தைக் கலந்து, டீ கப்புகளின் அடியில் ஓட்டை போட்டு விதைத்தேன். போர் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். நாற்றுகள் வெளிச்சத்தின் பக்கமே சாயும். தினமும் கப்பைத் திருப்பி வைத்தேன். காலையில் உள்ளங்கையால் மேலாகத் தடவிக் கொடுத்தேன், தண்டு தடிக்கட்டும் என்று. சுபாஷ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனை நான் அப்படித் தடவிக் கொடுத்ததில்லையாம்.

எங்கள் காலனி வீடுகள் ஒன்றையொன்று முதுகில் இடித்துக்கொண்டு நிற்பவை. ஏரியைப் பார்த்த கிழக்கு ஜன்னல் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான். தக்காளி விலை ஏறியிருந்த நேரம். என் நாற்றுகளைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் விதை கேட்டார்கள். நானும் பெரிய மனசோடு அள்ளிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு இருட்டில் முளைத்ததெல்லாம் வெளுத்து, நூலாக நீண்டு, படுத்துவிட்டது. ஒருநாள் விடிந்து பார்த்தால் என் ஜன்னலில் ஊர் கப்புகள் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. என் கப்புகளைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். சண்டை பிடித்தேன். பஞ்சாயத்து கூடியது.

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அதை மீறினால் ஊர் சும்மா விடாது.

ஊர்த் தலைவர் துளசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சூரியன் எங்கேர்ந்து எழும்புது? ஏரிலேர்ந்து. ஏரி யாருது? ஊருது. அப்ப வெயிலும் ஊருதுதான். ஜன்னலுக்குப் பாடு வச்சுடலாம்."

கூட்டம் தலையாட்டியது. வீடு எங்களுடையது, சுவர் எங்களுடையது, வெயில் மட்டும் பொது. என் புருஷனும் தலையாட்டினான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஏரிப் பாடு முறையில் அவன் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெருமை அவனுக்கு இன்னும் இறங்கவில்லை.

சீட்டு எழுதினார்கள். முரளி, தாமோதரன், கங்காதரன் என்று எல்லாம் ஆம்பளைப் பெயர்கள். வாழ்க்கையில் ஒரு செடிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதவர்கள்.

"எம் பேரு எங்க?" என்றேன்.

"பொம்பளைக்கு ஏதும்மா பாடு? அதான் சுபாஷ் பேரு கீதே" என்றார் தலைவர், கொஞ்சம் அன்பாகவே.

சுபாஷ் பெயர் கடைசியில் வந்தது. ஒருவருக்கு ஒரு வாரம் என்று வைத்தார்கள், முதல் முறை முரளிக்கு. அவன் வலைக்குக் காவல் இருப்பது போல என் வீட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் டிவியைப் பார்த்துக்கொண்டு, தன் கப்புகளைக் காத்தான். தண்ணீர் ஊற்ற அவன் பெண்டாட்டி வந்து போனாள். என் நாற்றுகள் சமையல்கட்டு இருட்டில் நீண்டு தொய்ந்தன. ஞாயிற்றுக்கிழமை வருவதாக நைனா சொல்லியிருந்தார், எங்கள் முறை வருவதற்குள் வந்துவிடுவார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் நின்றே ஜன்னலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீ வளத்ததா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முரளியோடு உட்கார்ந்திருந்த தலைவர் எழுந்து வந்தார். "இல்லீங்க. இது முரளியோடது. இந்த வாரம் அவன் பாடு." முழுக்கதையையும் பெருமையாக விளக்கினார். கடைசியில், "உங்க பொண்ணு தன் பேரையும் சேக்கச் சொல்லிச்சு. பொம்பளைக்கு ஏது பாடு, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நைனா மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நிஜமாகவே நம்பினேன்.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றார் நைனா. "வாய்க்கா தண்ணிக்கு மொற வச்சா ஆம்பள பேர்லதான் வப்போம். உங்க ஊரு இன்னாவோன்னு நெனச்சேன். ஒழுங்கான ஊராத்தான் கீது."

செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். தலைவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"போடும்மா சோறு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கினேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பங்கில்லை என்பதில் இரண்டு ஊரும் ஒத்துப்போனதும் அவருக்குப் பசி வந்துவிட்டது.

அடுப்பில் இன்னும் எதுவும் ஏற்றவில்லை. உரித்த இறாலையும் கழுவின அரிசியையும் கொண்டுவந்து அவர்கள் நடுவில் வைத்தேன்.

"இன்னாம்மா இது?" என்றார் தலைவர்.

"சோறாக்கறதுக்கும் சீட்டுப் போடுங்க. ஆம்பளைங்க பேரு மட்டும். பொம்பளைக்குத்தான் பாடு கெடையாதே."

தலைவருக்குத் திடீரென்று ஏதோ வேலை ஞாபகம் வந்து கிளம்பினார். முரளி அவர் பின்னாலேயே போனான். நைனா, கதவோரம் நின்ற சுபாஷைப் பார்த்தார். சுபாஷ் என்னைப் பார்த்தான். அப்புறம் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

நைனா என் வீட்டில் அன்றைக்குத்தான் கை நனைத்தார். சோறு குழைந்திருந்தது, இறால் கடிபடவில்லை, குழம்பில் ஒரே உப்பு. தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றார். அவர் தின்று முடிப்பதற்குள் நான் முரளியின் கப்புகளை இறக்கிவிட்டு என் கப்புகளை ஜன்னலில் அடுக்கிவிட்டேன்.