முதலில் எடுத்த தட்டு

கோபம் மூக்குநுனியில் இருப்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பேர். அன்றைக்கு அந்த மிளகாய் வாயைத் திறக்காமல் சீனியர் அண்ணாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் விற்கிற ஒரு பழப்பொடி உடம்பின் செல்களைக் காக்கிறது என்று மறுநாள் கருத்தரங்கில் ஆய்வகத் தலைவியான மேடம் மேடையேறி அறிவிக்கப்போகிறார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த இவள் பெயரும் அதில் வரும். பொய்யாகிப் போனால் நாறப்போவதும் அந்தப் பெயர்தான்.

தட்டுகளில் வளரும் செல்களுக்குப் பொடியைக் கொடுத்து, பெராக்சைடு விட்டு வதைத்து, உறைகுளிர் மெத்தனால் ஊற்றி வதையை அப்படியே நிறுத்துவார்கள். பிறகு உள்ளே குளூட்டத்தயோன் என்கிற காவல்காரன் எவ்வளவு மிச்சம் என்று கருவியில் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் பொடி தின்ற செல்லில் காவல் பலம். பொடி கொடுக்காத வெறும் செல்லில் துடைத்தெடுத்த மாதிரி காலி.

அண்ணா பொடித் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி மெத்தனால் ஊற்றினார். வெறும் தட்டுகள் பெராக்சைடில் ஊறியபடி ஓரமாகக் கிடந்தன.

"எப்பவும் பொடியைத்தான் முதல்ல எடுப்பீங்களா?"

"பின்னே? அதுதானே முக்கியம். மத்தது சும்மா ஒப்பிட்டுப் பாக்க."

அவளுக்குச் சுரீரென்றது. "அந்தச் சும்மா பெராக்சைடுல கூடுதல் நேரம் அடி வாங்குது, அண்ணா! பொடி எங்க காப்பாத்துச்சு? நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க!"

விஷயத்தைக் கேட்டதும் மேடத்தின் முகம் சுண்டியது. "கடைசி நேரத்துல ஏம்மா குட்டையைக் குழப்புற?"

"ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துப் பாப்போம் மேடம். நான் சொன்னது தப்புன்னா வாயை மூடிக்கறேன்."

"அது உன்னால முடியாது." சொல்லிக்கொண்டே மேடமும் கையுறையை மாட்டினார்.

இன்னும் பெராக்சைடு படாமல் மிச்சமிருந்த தட்டுகளில், பொடிக்கு ஒருத்தர், வெறும் செல்லுக்கு ஒருத்தர் என்று ஜோடி ஜோடியாக அதை விட்டு, ஒரே நேரத்தில் மெத்தனாலும் ஊற்றினார்கள். சாயங்காலம் கருவி சொல்லிவிட்டது: வித்தியாசமே இல்லை.

மேடம் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு இதையே சொல்லிடறேன். பொடிக்காரங்க மூஞ்சிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"ஜோரா சொல்றேன் மேடம்."

அண்ணா இரண்டு கையிலும் டீயோடு வந்தார். "ஒரே நேரத்துல எடுத்துக்குங்க. இல்லைன்னா மிளகா கத்தும்."

சிரிப்பு அடங்காமலே அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"என்னடி கண்டுபிடிச்ச?"

"அந்தப் பொடியில ஒண்ணுமில்லைன்னு."

"அடிப்பாவி! உன் ஆராய்ச்சியாச்சேன்னு தினமும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேனே!"

"இனிமே மூக்கை விட்டுடு."

அந்தப் பக்கம் குழாயில் எதையோ அலசும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சட்டைப் பட்டன்கள் கலகலவென்று டப்பாவுக்குள் விழும் சத்தம்.

"டப்பா நல்ல டப்பாடி," என்றாள் அம்மா.