குழாய் அண்ணனின் இடைவேளை

கடவுள் மனிதனுக்கு இரண்டு கைகளைக் கொடுத்தது மட்டை பிடிக்கத்தான், தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கு அல்ல என்று ஜமீன் அறிவித்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை. மனித குலம் முழுவதையும் மனதில் வைத்துத்தான் சொன்னான். சொன்ன இடம் விமானம். பக்கத்து நாட்டுக்குப் போகிற விமானம் என்பதால் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. தேசிய கிரிக்கெட் அணியின் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் என்ற பெரிய பெயருக்கு அது ரொம்பவே சின்னப் பயணம்.

"பன்னிரண்டாவது ஆளுன்னு ஒரு பதவி இருக்கே, அது பதவியே இல்ல. சப்ளையர் வேலை" என்றான். சொல்லி முடித்ததும் அவனுக்குப் புரையேறியது. பக்கத்து இருக்கைக்காரர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். ஜமீன் குடித்தான். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

பாட்டிலை நீட்டியவர்தான் அந்தப் பன்னிரண்டாவது ஆள். நல்ல மட்டைக்காரர். ஆனால் அவரைவிடக் கொஞ்சமே கொஞ்சம் நல்ல மட்டைக்காரர்கள் சிலர் அவர் காலத்திலேயே பிறந்து தொலைத்திருந்தார்கள். அணியோடு பல ஊர் சுற்றியும் நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. போன மைதானத்திலெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரோடு நிற்பதால் அணி அவருக்குக் குழாய் என்று பெயர் வைத்திருந்தது. சின்னவர்களுக்குக் குழாய் அண்ணன். ஜமீனுக்கு ஜமீன் என்ற பெயர் வந்த கதை இன்னும் சுலபம். அவன் தன் பையைத் தானே தூக்கி யாரும் பார்த்ததில்லை.

"இது என் கடைசி டூர் தம்பி" என்றார் குழாய் அண்ணன். "இதுல ஒரு மேட்ச் ஆடலைன்னா அவ்வளவுதான். தேர்வுக் குழுவுல வாயைத் தொறந்தே சொல்லிட்டாங்க."

"அதுக்கு யாராவது ஒருத்தன் விழணுமே அண்ணே."

"அதான் கஷ்டம். யாரு விழணும்னு வேண்டிக்கவும் மனசு வரல. எல்லாம் நல்ல பசங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீகூட ஓரளவுக்கு" என்றார்.

ஓட்டலில் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னல் பக்கத்துக் கட்டில் ஜமீனுக்கு என்று ஜமீனே முடிவு செய்தான். அண்ணன் மறுக்கவில்லை. ஆனால் ஜன்னல் விளிம்பை எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் வியர்வையில் ஊறிய கையுறைகளை அங்கே வரிசையாக நிறுத்தி, தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒவ்வொன்றுக்கும் சூடு காட்டுவார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருக்கும்.

"அண்ணே, நடுவுல வகிடு எடுத்து விடுங்க, அழகா இருக்கும்."

"ஈரக் கையுறையோட ஆடினா மட்டை நழுவும்டா."

"நீங்க ஆடறப்ப பாத்துக்கலாம்."

அண்ணன் அடுத்த கையுறையை எடுத்தார். சாயங்காலமானால் வீட்டிலிருந்து போன் வரும். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள்தான் முதலில் பேசுவாள். ஆட்டத்தில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது அவளுக்குத் தேவையில்லாத விஷயம்.

"அப்பா, இன்னைக்கு டிவில நெறைய தடவை வந்தீங்க!"

"கடைசியா ஓடி வந்தேனே, பாத்தியா?"

"பாத்தேன். ஆனா அந்த மஞ்ச சட்டை உங்களுக்கு நல்லாவே இல்லப்பா. அம்மாவும் சொன்னாங்க."

போர்வைக்குள்ளிருந்து ஜமீன் சிரித்தான். மாற்று ஆட்டக்காரர் போடுகிற கையில்லாத மஞ்சள் சட்டையைப் பற்றி அவனுக்கும் அதே அபிப்பிராயம்தான். அதைப் போட்டுக்கொண்டால் சாலை போடுகிறவரா, ஆட்டக்காரரா என்று பெற்ற தாய்க்கே சந்தேகம் வரும் என்று ஏற்கெனவே பேருந்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தான்.

முதல் டெஸ்டில் தோற்றார்கள், இரண்டாவதில் ஜெயித்தார்கள். மூன்றாவதாக இறங்கும் ஜமீன் இரண்டிலும் சுமாராக ஆடி, பிரமாதமாகப் பேசினான். கடைசி டெஸ்டுக்கு முந்தின நாள், ஸ்லிப்பில் நின்று கேட்ச் பழகும்போது பந்து அவன் வலது கட்டை விரல் நுனியில் வந்து முட்டியது.

"ஒண்ணுமில்ல!" என்றான். யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

காலையில் விரல் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. சட்டைப் பொத்தானை இடது கையால் எப்படியோ சமாளித்துவிட்டான். ஷூ லேஸ் சமாளிக்க விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது குழாய் அண்ணன் குளியலறையிலிருந்து வந்தார். பார்த்தார். குந்தி உட்கார்ந்து, லேஸை வாங்கிக் கட்டினார்.

"எவ்வளவு வீங்கியிருக்கு?"

"வீங்கல. அது அப்படித்தான்."

"ஒரு கட்டை விரல் மட்டும் அப்படித்தானா?"

ஜமீன் கதவைப் பார்த்தான். "அண்ணே, கோச்கிட்ட மட்டும் சொன்னீங்க, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்."

"நான் எப்படிடா சொல்லுவேன்? சொன்னா உனக்குப் பதிலா யாரு ஆடுவான்? நான்தானே? நானே போயி சொன்னா நல்லாவா இருக்கும்?" அண்ணனுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "டீம்ல வேற எவனுக்குத் தெரிஞ்சிருந்தாலும் இந்நேரம் சொல்லியிருப்பான். போயும் போயும் எனக்கா தெரியணும்!"

அடுத்த காலுக்கும் லேஸ் கட்டிவிட்டு, எழுந்து, பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பேருந்தில் அண்ணன் முன் வரிசையிலும் ஜமீன் கடைசி வரிசையிலும் உட்கார்ந்தார்கள். மைதானத்தில் வலைப் பயிற்சிக்குப் போன ஜமீன் ஒரே ஒரு பந்தை ஆடினான். வலி தோள்பட்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. மட்டை கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். குழாய் அண்ணன் மட்டும் பார்த்திருந்தார். பார்த்தது தெரிந்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே எண்ணி வைத்த பாட்டில்களை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

அதுதான் ஜமீனால் தாங்க முடியாததாகப் போயிற்று. அவர் கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இப்படி ஒரு முதுகை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிற மனிதரை என்ன செய்வது? அந்த முதுகில் பேச்சும் இல்லை, குத்தலும் இல்லை. வியர்வைத் திட்டு ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

கோச் டாஸுக்காகக் கேப்டனோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஜமீன் குறுக்கே போய் நின்றான்.

"சார், விரல் போச்சு."

"எப்ப?"

"நேத்து."

"இப்பதான் வாய் வந்துச்சா?"

"வலியே இப்பதான் சார் வாய் வரைக்கும் வந்துச்சு."

கோச் விரலைப் பிடித்துப் பார்த்தார். ஜமீன் போட்ட சத்தத்தில் எதிரணியும் திரும்பிப் பார்த்தது. கோச் விரலை விட்டார். தலையை நிமிர்த்திக் கத்தினார்: "யோவ் குழாய்! பேட் கட்டு!"

"யாருக்கு சார்?" என்று கேட்டபடி அண்ணன் ஓடி வந்தார்.

"உனக்குத்தான்யா!"

அண்ணன் அப்படியே நின்றார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார், பேட் கட்டுகிற அளவுக்கு இருக்கிறதா என்பதுபோல.

அணி முதலில் ஆடியது. ஒரு விக்கெட் சீக்கிரமே விழ, குழாய் அண்ணன் உள்ளே போனார். முதல் பந்தை விட்டார். அடுத்த பந்தையும் விட்டார். விடுவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. அப்புறம் ஒரு பந்தைப் பட்டும் படாமல் தட்டிவிட்டு ஓடினார், ஒரு ஓட்டம். மைதானத்தில் எதிர்நாட்டு ரசிகர்கள் மட்டுமே இருந்ததால் கைதட்டல் பலமாக இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. மெதுவாக, சாவகாசமாக, நாள் முழுவதையும் தனக்கென்று எழுதி வாங்கிவிட்டவர் மாதிரி ஆடினார்.

தண்ணீர் இடைவேளை வந்தது. நடுவர் கையைக் காட்டியதுதான் தாமதம், குழாய் அண்ணன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, எங்க போறீங்க?" என்று மறுமுனையில் நின்ற மட்டைக்காரன் அலறினான்.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. அண்ணனுக்கு விஷயம் புரிவதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டார். எதிரே மஞ்சள் சட்டை போட்ட ஒருவன், விரலில் பெரிய கட்டோடு, இடது கையில் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெட்டி ஒரு பக்கம் இழுக்க, இவன் ஒரு பக்கம் போக, ஓடி வந்துகொண்டிருந்தான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை அவனே எடுத்து மாட்டியிருந்தான்.

"திரும்புங்கண்ணே, ஊரே சிரிக்குது" என்றான் ஜமீன், மூச்சு வாங்க.

"பழக்க தோஷம்டா."

"உங்க பாட்டில் எது?" எல்லா பாட்டிலிலும் ஆளுக்கொரு நிறத்தில் பட்டை ஒட்டியிருந்தது.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். "எனக்குன்னு ஒண்ணு ஒட்டலியேடா."

ஜமீன் கொஞ்ச நேரம் தேடுவதுபோல் தேடினான். பிறகு சிவப்புப் பட்டை பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் திருகி, நீட்டினான். அது அவனுடையது. அண்ணன் வாங்கிக் குடித்தார்.

"கோச் ஏதாவது சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப நீ ஏதாவது சொல்லு. சும்மா வந்துட்டுப் போகக் கூடாது, அது மொறை இல்ல."

ஜமீன் யோசித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. "மெதுவா ஆடுங்க" என்றான்.

அண்ணன் தலையாட்டிவிட்டு ஆடுகளத்துக்குத் திரும்பினார். ஜமீன் மறுமுனைக்காரனுக்கும் கொடுத்து, நடுவர்களுக்கும் கொடுத்து, காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடி வந்து உட்கார்ந்தான். அடுத்த பந்து போடப்பட்டது. அண்ணன் அதை விட்டார்.

சிவப்புப் பட்டை பாட்டிலில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. ஜமீன் அதை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனான்.