மன்னிச்சாச்சு

ஆகஸ்ட் மாதம் பாதி தாண்டினால் ரூத்துக்கு இருப்புக் கொள்ளாது. காவி கட்டிக்கொண்டு, மாதா சொரூபத்தைத் தள்ளுவண்டியில் வைத்து, ஒலிபெருக்கியில் பாட்டு அலற, வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டங்கள் அவள் ஊரான நெம்மேலியைக் கடப்பது அப்போதுதான். நடக்கிறவர்கள் நடந்துவிட்டுப் போகட்டும், ரூத்துக்கு என்ன வந்தது? வந்தது. அந்தக் கூட்டத்தில் சூசைராஜ் வருவான். அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பான். பிறகு போய்விடுவான். ஒன்பது வருடமாக இதே கதை.

சூசைராஜ் யார் என்றால், ரூத்தின் புருஷன் சாவுக்குக் காரணமானவன். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மார்கழி விடியலில் ஸ்டியரிங்கில் கை இருக்க ஒரு நொடி கண் அசந்தான். ஷிப்டுக்காக மோட்டார் சைக்கிளில் எதிரே வந்த ஜெயசீலனுக்கு அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. கோர்ட்டு, தண்டனை எல்லாம் முடிந்தபிறகு சூசைராஜ் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிற சொந்த ஊரில் நெல் போட்டுப் பிழைக்கிறான்.

விபத்து நடந்த முப்பதாம் நாள் பெண்டாட்டியோடு வந்து இதே கேட்டுக்கு வெளியே நின்றான். ரூத் உள்ளே நின்றபடியே சொன்னாள்: "மன்னிச்சாச்சு. ஆண்டவர் என்னை சும்மா மன்னிச்ச மாதிரி நானும் மன்னிச்சிட்டேன். போய்ட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு, மாதாவைக் கும்பிடாத தன் சபையில் எழுந்து, மன்னித்த கதையைச் சாட்சியாகவும் சொன்னாள். சபையே அழுதது. பாஸ்டர் இன்றைக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கத்தில் அவளை இழுத்துவிடுவார். நல்ல காரியம் செய்து யாரும் மோட்சத்தை வாங்க முடியாது, கிருபையை நம்பினால் போதும், அதற்கு நம் ரூத் சிஸ்டரே அத்தாட்சி, அந்த மனுஷனிடம் ஒன்றும் கேட்காமல் மன்னித்தார்களே என்பார். ரூத் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

அப்படி மன்னித்தவளுக்கு வருடா வருடம் ஏன் இருப்புக் கொள்ளாமல் போக வேண்டும்? அவளுக்கே விளங்கவில்லை. யோசித்து யோசித்து, தப்பு அவன் பேரில்தான் என்று முடிவு கட்டினாள். சும்மா கொடுத்ததை நம்பி வாங்கிக்கொள்ளாமல், நடையும் மூட்டையுமாக ஈடுகட்டப் பார்க்கிறானே, எப்பேர்ப்பட்ட பிடிவாதம்! இந்த வருடம் முகத்துக்கு நேரே சொல்லி இந்தத் தொல்லையை ஒழித்துவிடுவது என்று இருந்தாள்.

காலை எட்டு மணி இருக்கும். மகள் திவ்யா பொத்தேரிக்குக் காலேஜ் பஸ் ஏறிப் போய்விட்டாள். பாட்டுச் சத்தம் நெருங்கியது. சூசைராஜ் தள்ளுவண்டியிலிருந்து மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினான். செருப்பில்லாத கால், பாதத்தில் துணி சுற்றியிருந்தது.

"யோவ், நில்லு," என்றாள் ரூத், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று. "இந்த வருசத்தோட நிறுத்திக்கோ. நீ நடந்து போனாலும் சரி, உருண்டுகினு போனாலும் சரி, ஒரு பாவமும் கரையாது. நான்தான் அன்னிக்கே மன்னிச்சிட்டேனே. நம்பிட்டு வூட்டுல கெடக்க வேண்டியதுதானே?"

"எங்க கோயில் சாமியாரும் அதான் சொன்னாரு," என்றான் அவன். "செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப்போ, கடவுள் மன்னிச்சிட்டாரு, அபராதமா அம்பத்துமூணுமணி ஜெபமாலை சொல்லு, போதும்னாரு. நடக்கச் சொல்லல. நானாத்தான் நடக்குறேன்."

"அதான் இன்னாத்துக்குன்னு கேக்குறேன். உங்க ஆளுங்களுக்கு எதையாவது செஞ்சாத்தான் திருப்தி. நம்பிக்கைன்னு ஒண்ணு கீதா உங்ககிட்ட?"

சூசைராஜ் நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தான். "நம்பலாம்னுதான் வருசா வருசம் வந்து பாக்குறேம்மா. நீங்க வாயால சொன்னீங்க, சந்தோசம். ஆனா இந்த ஒம்போது வருசத்துல ஒரு சொம்பு தண்ணி குடுக்கல. கொற சொல்லல, எனக்கு இன்னா உரிமை கீது? நம்பு நம்புன்னா எத்த வெச்சு நம்புறது?" கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "அரிசியாவது பொங்குனீங்களா?"

ஒன்பது மூட்டையில் ஒரு பிடி கூட அவள் உலையில் விழுந்ததில்லை. வந்த அன்றைக்கே சபைக்குக் கொடுத்துவிடுவாள். தொட்டால் கை கூசும். ஊர் அதைத் தருமம் என்றது. அது அருவருப்பு என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இல்ல," என்றாள். "ஒரு தபா கூட பொங்கல."

அவன் கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள். அவனோ தலையை மட்டும் ஆட்டினான். "வரேம்மா," என்று திரும்பி நடந்தான்.

ரூத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அது தணிந்ததும் வெட்கம் வந்தது. ஊரே கேட்க மன்னித்தாளே, அந்த மன்னிப்பில் இந்த மனுஷன் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லையே! நாலு எட்டு போனவனைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க. நாஸ்தா துன்னுட்டுப் போலாம்." குரல் அவளுக்கே கடுகடுவென்று கேட்டது.

அவன் வந்தான். நாற்காலி இருந்தும் வாசற்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் ஜெயசீலனின் படம் இருந்தது, நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலில் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தான். அடுக்களைக்குப் போய் நாலு இட்லியைத் தட்டில் வைத்து, நேற்றைய சங்கரா மீன் குழம்பைச் சுடவைத்து ஊற்றி, துண்டம் இரண்டாகப் பார்த்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கை வைக்கவில்லை. என் கையால் சாப்பிடக் கூசுகிறதோ என்று நினைத்தாள் ரூத். அப்புறம்தான் அவன் கழுத்து ஜெபமாலையும் காவித்துண்டும் கண்ணில் பட்டன. இவர்கள் மாதா கோயிலைப் பார்க்கும்வரை கவுச்சியைத் தொட மாட்டார்களே! அவள் சபையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கை பழக்கத்தில் ஊற்றிவிட்டது.

"ஐயையோ, நீங்க விரதம்ல! எனக்குத் தோணவே இல்ல. இருங்க, சக்கரை வெச்சுத் தரேன்," என்று தட்டை எடுக்கக் குனிந்தாள்.

அவன் தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான். "இருக்கட்டும்மா."

"வேணாம். நேந்துகினு வந்திருக்கீங்க. இன்னும் எம்மாந்தூரம் கீது. விரதம் முறிஞ்சிடும்."

"முறியட்டும்," என்றான் சூசைராஜ்.

இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தான். முதல் வாயிலேயே அழுதுவிட்டான். கண்ணீர் தட்டில் விழ விழ, துடைக்காமல் அடுத்த வாயை எடுத்தான். ரூத்துக்கும் அழுகை வந்தது. ஜெயசீலன் போன நாளிலிருந்து எவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தாளோ அவனுக்கு எதிரேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாலையில் பாட்டு தேய்ந்து, கேட்காமலே போய்விட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவன் மீன் துண்டத்தை எடுப்பதைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"முள்ளு கீது. பாத்துத் துன்னுங்கண்ணா."