ஆளில்லாத சொட்டு

மார்ச் 11. நேற்று மாலை வகுப்புக்கு ஓடிய அவசரத்தில், உறங்கும் கருக்களை அளக்காமல் இன்குபேட்டரிலேயே விட்டுவிட்டேன். தவறு என்னுடையது.

குறிப்பேட்டில் இதை எழுதியவளுக்கு ஆய்வுக்கூடத்தில் ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவள். பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவளை ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் இப்போதுதான் சர்க்கரை அளக்கும் கருவியின் முன் உட்கார வைத்திருந்தார். சொதப்பினால் மறுபடி கழுவுதொட்டிதான்.

கருவுற்ற சுண்டெலியின் சினைப்பையை அகற்றி, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை மட்டும் கொடுத்துவந்தால், கரு சாகாது, வளரவும் செய்யாது. சர்க்கரையை அவ்வளவாகத் தொடாமல் கருப்பைக்குள் உறங்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனை ஊசியாகப் போட்டால் விழித்துச் சாப்பிடத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் கருவையே நேராகத் தட்டி எழுப்புகிறதா என்பதுதான் மேடத்தின் கேள்வி.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் வாசனையே படாத இந்தக் கருக்கள், அவள் கிண்ணத்தில் விட்டுப்போன ஊட்டநீர்ச் சொட்டுகளில் சர்க்கரையை ஒரு பிடி பிடித்திருந்தன!

“ஊசி போட்டதோட கிண்ணத்த மாத்தி வெச்சிருப்ப,” என்றார் மூத்த ஆய்வாளரான அண்ணன். “இல்லேன்னா கிருமி பூந்து தின்னிருக்கும்.”

“இல்லண்ணா... இருக்கலாம்ணா.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லு தாயே!”

மேடம் குறுக்கிட்டார். “திரும்ப செஞ்சு காட்டு. வரலேன்னா அந்தக் கருவியில அண்ணன் உக்காரட்டும்.”

இந்த முறை கிண்ணங்களில் அண்ணனையே பெயர் எழுத வைத்தாள். பாதிக் கருக்களைக் கருப்பையிலிருந்து எடுத்த கையோடு அளந்தாள், நல்ல உறக்கம். மீதியைச் சொட்டுகளில் இரவு முழுக்க விட்டுவைத்தாள். பக்கத்திலேயே கரு இல்லாத ஒரு சொட்டு.

“ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கும்மா சாப்பாடு?”

“கிருமி வந்தா அங்கயும் தின்னும்லண்ணா.”

மறுநாள் ஆளில்லாத சொட்டில் சர்க்கரை அப்படியே இருந்தது. கருக்கள் இருந்த சொட்டுகளில் மளமளவென்று இறங்கியிருந்தது. அவள் இன்னொரு தரம் அளந்தாள். அதேதான். மூன்றாம் தரத்துக்குக் கை நீட்டியபோது அண்ணன் கருவியின் மூடியைச் சாத்தினார்.

“போதும் தாயே, அதுங்க வளந்து காலேஜுக்கே போயிடும்!”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “எழுப்புறது யாருன்னே தேடிட்டிருந்தோம். தூங்க வெச்சது யாருன்னு கேக்கவே இல்ல. கருப்பைதான் அடக்கி வெச்சிருக்கு. வெளிய வந்ததும் தானா முழிச்சிடுச்சு. அப்ப ஈஸ்ட்ரோஜன் பேசுறது கருப்பைகிட்டதான்னு தோணுது. இனிமே அந்த நாற்காலி உன்னுது.”

அன்று வகுப்புக்குக் கிளம்பும்போது, பூட்டிய கதவை அவள் ஒரே தரம்தான் இழுத்துப் பார்த்தாள்.

மார்ச் 13. நாளை: உறங்கும் கரு இருந்த கருப்பையைக் கழுவிய நீரைச் சொட்டில் கலந்து, விழித்த கருக்கள் மறுபடி உறங்குகின்றனவா என்று அளக்க வேண்டும். ஆளில்லாத சொட்டும் வைக்க வேண்டும்.